விண்டோஸ் மட்டும் தெரிந்தால் போதுமா?

கேள்வி: சிஸ்டம் அட்மின் வேலைக்குத் தயாராகிறேன். விண்டோஸ் சர்வர் நன்றாகத் தெரியும். லினக்ஸும் படித்தே ஆக வேண்டுமா?

பதில்: படித்துவிடுங்கள். பல அலுவலகங்களில் ஊழியர்களின் லாகின், பாஸ்வேர்டு எல்லாம் விண்டோஸின் ஆக்டிவ் டைரக்டரியில் இருக்கும்; வெப்சைட்டும் டேட்டாபேஸும் லினக்ஸில் ஓடும். இரண்டும் சந்திக்கும் இடத்தில்தான் தலைவலியே. விண்டோஸ் நோட்பேடில் எழுதிய ஷெல் ஸ்கிரிப்டை அப்படியே லினக்ஸில் போட்டால் பெரும்பாலும் ஓடாது. வரி முடிவுக்கு விண்டோஸ் இரண்டு குறிகள் வைக்கும், லினக்ஸுக்கு ஒன்றுதான். கண்ணுக்குத் தெரியாத அந்த உபரிக் குறியை அறியாதவர் நாள் முழுக்கத் தேடுவார். அதேபோல, லினக்ஸ் சர்வரின் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் பிசகினால், ஆக்டிவ் டைரக்டரி வழியான கெர்பரோஸ் லாகின் வழக்கமான அமைப்பில் நடக்காது.

அதற்காக இரண்டிலும் கரைகண்டிருக்க வேண்டியதில்லை. விண்டோஸில் ஆழம் இருக்கட்டும். லினக்ஸில் லாக் படிக்கவும், சர்வீஸை நிறுத்தி மறுபடி ஓட்டவும், ஃபைல் பெர்மிஷன் பார்க்கவும் தெரிந்தால் தொடக்கத்துக்குப் போதும். லேப்டாப்பில் விர்ச்சுவல்பாக்ஸ் போட்டு, ஓர் உபுண்டு சர்வரை ஆக்டிவ் டைரக்டரி டொமைனில் சேர்த்துப் பாருங்கள். டிஎன்எஸ், நேரம், அனுமதி மூன்றும் ஒரே பயிற்சியில் பிடிபடும். இன்டர்வியூவில் சொல்லவும் விஷயம் இருக்கும்.