சிலந்தி நூல் நூற்கும் விதம்

விடியற்காலையில் வேலியோரத்தில் பனித்துளி கோத்து நிற்கும் சிலந்தி வலையை நாம் எல்லோரும் கண்டிருக்கிறோம். மழை நனைத்தாலும் அந்த நூல் கரைவதில்லை. வலையைத் தாங்கும் நூல், எடைக்கு எடை ஒப்பிட்டால், உருக்கிலும் உறுதியானது. ஆனால் சிலந்தியின் வயிற்றினுள் அது நூலாக இருப்பதில்லை; நீரில் கரைந்த புரதமாக, தடித்த பாகாகவே இருக்கின்றது. பாகு நூலாவது எப்படி?

முதலில் மூலப்பொருளைப் பார்ப்போம். சிலந்தி உண்ணும் பூச்சியிலுள்ள புரதம் சமிபாட்டின்போது அமினோ அமிலங்களாக உடைகின்றது. பட்டுச் சுரப்பிகள் அவற்றை மீண்டும் கோத்து மிக நீண்ட புரதச் சங்கிலிகளாக்குகின்றன. கிளைசீன், அலனீன் என்ற இரண்டு சிறிய அமினோ அமிலங்களே இவற்றில் அதிகம்.

அடுத்தது நூற்பு. பாகு வரவர ஒடுங்கும் ஒரு குழாயினூடாகச் செல்கின்றது. வழியில் நீர் குறைகின்றது, உப்புகளின் அளவு மாறுகின்றது, அமிலத்தன்மை கூடுகின்றது. அதேவேளை சிலந்தி தன் பின்காலாலோ உடற்பாரத்தாலோ நூலை வெளியே இழுக்கின்றது. இந்த இழுவை மிக முக்கியம். சிக்கலாகக் கிடக்கும் தும்பைச் சீவி நேராக்கிய பின்பே கயிறு திரிக்கிறோம் அல்லவா? அதுபோல, இழுபடும்போது சங்கிலிகள் ஒரே திசையில் நேராகின்றன. அவற்றின் சில பகுதிகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு நுண்ணிய பளிங்குகளாக இறுகுகின்றன. அங்கே நீர் புக இடமில்லை. பளிங்குகள் உறுதியைத் தருகின்றன. இடையிலுள்ள தளர்ந்த பகுதிகள் இழுபடும் தன்மையைத் தருகின்றன. முட்டையின் வெள்ளைக்கருவை இறுகச் செய்ய நமக்கு அடுப்பு வேண்டும். சிலந்திக்கு அது தேவையில்லை.

பட்டுப்புழுவும் இவ்வாறே நூற்கின்றது. வாயருகே வெளிவரும் இழையைத் தலையை அசைத்து அசைத்து இழுத்துக் கூடு கட்டுகின்றது. ஒரு கூட்டில் ஏறக்குறைய 1,000 மீற்றர் அறாத நூல் இருக்கும். வெந்நீரில் இட்டால் அதன் பசை இளகும்; நூல் கரையாது. மாமரத்து முசுறோ தன் குடம்பியை வாயில் கவ்வி, அதன் நூலால் இலைகளை ஒட்டிக் கூடு அமைக்கின்றது.

வட்ட வலை கட்டும் பல சிலந்திகள் பழைய வலையை வீசிவிடுவதில்லை. அதை உண்டு, அதே புரதத்தால் புதிய வலையை நூற்கின்றன.

வயலில் வலை கட்டாத சிலந்திகளும் உண்டு. நெற்பயிரின் அடியில் ஓடித்திரியும் ஓநாய்ச் சிலந்தி, தன் முட்டைகளை நூலால் பொதிந்து உடலின் பின்புறத்தில் சுமந்து செல்லும். கபில நிறத் தத்தியை இது உண்கின்றது. கண்டபடி மருந்து தெளித்தால் இச்சிலந்தியும் மடியும். பின்னர் தத்தி தடையின்றிப் பெருகும்.

இப்போது இருக்கும் இடத்திலேயே, வேலியிலுள்ள ஒரு வலையை மாலையிலும் மறுநாள் காலையிலும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மீண்டும் வயலில் இறங்கும் நாளில், மருந்துத் தாங்கியைத் தோளில் ஏற்றுமுன் குனிந்து பயிரின் அடியைப் பாருங்கள். வெள்ளைப் பொதி சுமந்த சிலந்திகள் அங்கே ஓடினால், உங்களுக்கு முன்பே வேலைக்கு வந்தவர்கள் அவர்கள்.