மலேரியாவும் பரம்பரை இரத்தமும்

கேள்வி: ஒரே வீட்டில் இருவருக்கு மலேரியா கண்டால், ஒருவர் தப்ப, மற்றவர் மரண அவஸ்தைப்படுவது ஏன்?
— வாசகர், தெல்லிப்பழை

பதில்: வயது, முன்னர் அந்நோய் கண்ட அனுபவம் ஆகியவற்றோடு, பெற்றோர் வழிவந்த இரத்தத்தின் இயல்பும் இதற்கு ஒரு காரணமாகும். 1952இல் லேமன், கட்புஷ் என்னும் ஆராய்ச்சியாளர்கள் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறிந்த அரிவாள் அணு இயல்பானது, தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து மாத்திரம் வந்திருப்பின், நுளம்பு செலுத்திய கிருமி புகுந்த செவ்வணுக்கள் விரைவில் அரிவாள்போல் வளைந்து மண்ணீரலால் அகற்றப்படுவதால், மூளையைத் தாக்கும் உக்கிர மலேரியாவிலிருந்து பெரும்பாலும் காக்கிறது. இருவரிடமிருந்தும் வந்துவிட்டாலோ, அந்தோ, அதுவே குழந்தையை வாட்டும் கொடிய வியாதியாகிறது! குருநாகல் பிரதேசத்தில் மிகுதியாயுள்ள தலசீமியா என்னும் பரம்பரை இரத்தக் குறைபாடும் இத்தகையதே. 2016இல் உலக சுகாதார ஸ்தாபனம் இலங்கையை மலேரியா அற்ற நாடென அறிவித்துவிட்ட போதிலும், அவ்வியல்புகள் நம் இரத்தத்தை விட்டு அகலவில்லையாதலால், விவாகத்துக்குச் சாதகம் பார்க்கும் பெற்றோர் இரத்தப் பரிசோதனையையும் தவறாது செய்விக்க வேண்டுகிறேன்.