பி.எட். முடித்தவர்களைச் சுற்றும் ஐந்து தவறான பேச்சுகள்

ஆசிரியர் வேலைக்குக் காத்திருக்கும் இளைஞர்கள் பலர் தமிழ்நாட்டில் பின்தங்குவது திறமைக் குறைவால் அல்ல. என்றோ மாறிவிட்ட விதிகளை இன்னும் நம்புவதால்தான். அப்படி வீணாகும் ஆண்டுகள் அவர்களுக்கும் இழப்பு, வகுப்பறைகளுக்கும் இழப்பு.

நம்பிக்கை: பி.எட். இருந்தால் எந்த வகுப்புக்கும் பாடம் நடத்தலாம்.

உண்மை: தொடக்க வகுப்புகளுக்கும் பி.எட். போதும் என்று தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2018இல் அறிவித்தது. உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் அது செல்லாது என்றது. ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை கற்பிக்க, தொடக்கக் கல்வி ஆசிரியர் பட்டயம் வேண்டும். பி.எட். படித்தவர் எழுத வேண்டியது ஆசிரியர் தகுதித் தேர்வின் (டெட்) இரண்டாம் தாள். முதுகலைப் பட்டமும் இருந்தால் 11, 12ஆம் வகுப்புக்கான முதுகலை ஆசிரியர் தேர்வு இன்னொரு வழி. அதற்கு டெட் கேட்பதில்லை.

நம்பிக்கை: சொந்தப் பாடம் கைவசம் இருந்தால் டெட் எளிது.

உண்மை: மொத்தம் 150 மதிப்பெண். குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழிப்பாடம் 30, ஆங்கிலம் 30. மீதி 60தான் பாடத்துக்கு. கணிதப் பட்டதாரிக்கு அந்த 60இலும் அறிவியல் பங்கு கேட்கும். கணக்கை மட்டும் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பவர் உளவியலிலும் ஆங்கிலத்திலும் சறுக்கிவிடுகிறார். படிக்கும் நேரத்தை மதிப்பெண் பங்கீட்டின்படி பிரித்துக்கொள்வதே இதற்கு வழி.

நம்பிக்கை: டெட் தேறினால் வேலை. இல்லாவிட்டாலும் வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்பு கைகொடுக்கும்.

உண்மை: இரண்டும் பழைய கதை. டெட் ஒரு தகுதி மட்டுமே. பணி நியமனத்துக்குத் தனிப் போட்டித் தேர்வு உண்டு என்று 2018 ஜூலையில் அரசாணை வந்துவிட்டது. அதன்படி ஆசிரியர் தேர்வு வாரியம் 2024 பிப்ரவரியில் பட்டதாரி ஆசிரியர்களுக்கும், ஜூலையில் இடைநிலை ஆசிரியர்களுக்கும் தேர்வு நடத்தியது. பதிவு மூப்புக்கு அதில் இடமில்லை. தேர்வில் கட்டாயத் தமிழ்ப் பகுதியும் உண்டு: 50க்கு 20 எடுக்காதவரின் பாடப்பகுதி விடைத்தாள் திருத்தப்படாது.

நம்பிக்கை: டெட் சான்றிதழ் ஏழு ஆண்டுதான் செல்லும்.

உண்மை: வாழ்நாள் முழுதும் செல்லும் என 2021இல் அறிவிக்கப்பட்டது. 2011 முதல் பெற்ற சான்றிதழ்களுக்கும் இது பொருந்தும்.

நம்பிக்கை: தமிழ்வழியில் படித்தவருக்குப் போட்டியில் வாய்ப்புக் குறைவு.

உண்மை: அரசுப் பணிகளில் தமிழ்வழியில் பயின்றோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010 முதல் இருக்கிறது. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பு மட்டும் தமிழ்வழியில் இருந்தால் போதாது. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். படித்த ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் அதற்குரிய சான்றிதழை வாங்க வேண்டும். தொடக்கப் பள்ளி சொந்த ஊரில், மேல்நிலைப் பள்ளி வேறு ஊரில் என்று படித்தவருக்கு அலைச்சல் உறுதி. ஆகவே அறிவிக்கை வரும்வரை காத்திராமல், பி.எட். இறுதியாண்டிலேயே இந்தச் சான்றிதழ்களைத் திரட்டத் தொடங்கிவிடலாம்.