பனிக்காயலும் பனியேரியும்

முன்னுரை

இமயம் தமிழர்க்குப் புதிதன்று. சேர மன்னருள் ஒருவன் இமயவரம்பன் நெடுஞ்சேரலாதன் எனவே பெயர் பெற்றான். எனினும் அம்மலையின் பனி எவ்வாறு நகர்கிறது, உருகி எங்கே தேங்குகிறது என்பதைக் கொங்கு நாட்டு மக்களாகிய நாம் கண்ணாற் கண்டறியோம். மார்கழிப் பனியும், உதகையின் புல்வெளியை வெளுக்கச் செய்யும் உறைபனியும், அரிதாகப் பெய்யும் ஆலங்கட்டியுமே நாம் அறிந்தவை. நம் நொய்யலும் பவானியும் மழையால் வாழும் ஆறுகள். ஆகவே, பனிப்பாளங்கள் மிதக்கும் நீர்நிலைகள் இரண்டை ஈண்டு ஒப்பிட்டு நோக்குவோம்.

பனியாற்றின் இயல்பு

ஆண்டுதோறும் பெய்யும் பனி, மேன்மேலும் படிந்து, தன் எடையாலேயே இறுகிக் கட்டியாகிறது. அது மலைச்சரிவில் மிக மெல்ல நகர்வதால் பனியாறு எனப்படுகிறது. நகரும்போது கல்லையும் மண்ணையும் அரித்து வந்து தன் முகப்பில் மேடாகக் குவிக்கிறது. வெப்பம் மிகும் காலத்தில் பனியாறு பின்வாங்க, இடைப்பட்ட பள்ளத்தில் உருகுநீர் தேங்குகிறது. முகப்பிலிருந்து உடையும் பாளங்கள் அந்நீரில் மிதக்கின்றன. பனிக்கட்டி நீரினும் அடர்த்தி குறைந்தது. ஆயினும் மிதக்கும் பாளத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே வெளியே தோன்றும்; எஞ்சியது நீருள் மறைந்திருக்கும்.

ஐஸ்லாந்துக் காயல்

ஐஸ்லாந்து நாட்டின் தென்கிழக்கே யோகுல்சார்லோன் என்னும் நீர்நிலை உள்ளது. பனியாற்றுக் காயல் என்பதே அப்பெயரின் பொருள். 1930-களில் தோன்றிய அது, இன்று 240 மீட்டருக்கும் மிகுந்த ஆழம் உடையது. உலகின் பல பகுதியினரும் அங்கே படகேறிச் சென்று, நீல நிறப் பாளங்களையும் அவற்றினூடே எரிமலைச் சாம்பல் வரைந்த கருங்கோடுகளையும் கண்டு வியக்கின்றனர். சிறியதோர் ஆறு அந்நீர்நிலையைக் கடலோடு இணைக்கிறது. அதன் வழியே பாளங்கள் கடலை அடைய, அலைகள் அவற்றைக் கரிய மணற்பரப்பில் ஒதுக்குகின்றன. காயல்பட்டினம் என்னும் ஊர்ப்பெயரை அறிந்த நமக்குக் காயல் கடலோடு தொடர்புடைய நீர்நிலை என்பது விளங்கும். வரும் நீருக்கு அங்கே போக்கிடம் உண்டு.

சிக்கிம் ஏரி

நம் நாட்டின் சிக்கிம் மாநிலத்தில், ஏறத்தாழ 5,200 மீட்டர் உயரத்தில், தெற்கு லோனாக் ஏரி உள்ளது. அங்கும் பாளங்கள் மிதப்பதுண்டு. ஆயின் அதனைத் தாங்கி நின்றது பனியாறு குவித்த கல்மண் மேடே. பனியாறு பின்வாங்கப் பின்வாங்க ஏரி விரிந்து, 2023 செப்டம்பரில் ஏறத்தாழ 167 ஹெக்டேர் பரப்பினை எட்டியது. அதன் அபாயத்தை 2013, 2021 ஆகிய ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகள் எடுத்துரைத்திருந்தன. 2016-இல் குழாய்கள் அமைத்து நீரைக் குறைக்கவும் முயன்றனர். 2023 அக்டோபர் 3-ஆம் நாள் இரவு, பக்கச் சரிவின் உறைமண் பெருந்திரளாக ஏரியுள் வீழ்ந்தது. எழுந்த பேரலை கரையை உடைத்தது. 100 ஹெக்டேருக்கும் மேலான பரப்பின் நீர் வடிந்து, தீஸ்தா ஆற்றில் பெருவெள்ளமாய்ப் பாய்ந்தது. சுங்தாங்கில் இருந்த அணை அடித்துச் செல்லப்பட்டது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பலர் காணாமற்போயினர்.

கலிங்கு உணர்த்தும் பாடம்

நொய்யலின் நீரை வாய்க்கால் வழியே கொணர்ந்து, உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர்க் குளம் முதலியவற்றில் தேக்கினர் நம் முன்னோர். கரை கட்டியவர்கள் மிகுநீர் வழியக் கலிங்கும் அமைத்தனர். ஒரு குளத்தில் வழிந்த நீர் அடுத்த குளத்தை நிறைத்தது. இயற்கை கட்டிய லோனாக் கரைக்கோ அத்தகைய உறுதியான கலிங்கு இல்லை. மனிதர் அமைத்த குழாய்கள் அத்துணை நீருக்கு ஈடாகவில்லை.

முடிவுரை

ஐஸ்லாந்தின் அழகும் சிக்கிமின் அழிவும் பனி உருகுவதன் இரு விளைவுகளே. சிக்கிமில் அறிவு குறைவாக இருந்ததன்று. அறிந்ததற்கேற்ற செயலே குறைந்தது. இது தொலைவில் நிகழ்ந்த செய்தியன்று. நம் குளங்களின் வாய்க்கால்களைக் குப்பையாலும் கட்டடங்களாலும் அடைக்கும்போது நாமும் அதே பிழையைச் செய்கிறோம். மாணவர்கள் தத்தம் ஊர்க் குளத்தின் கலிங்கு எங்கே உள்ளது, அதன் நீர் எவ்வழி செல்கிறது என்பதைப் பெரியோரிடம் கேட்டறிந்து எழுதுவார்களாக. கரை உடைந்த பின்னர்க் கலிங்கைத் தேடிப் பயனில்லை.