6 லட்சத்துக்கு பி.எம்.டபிள்யூ வாங்கலாமா? முதல்ல வருஷத்தைப் பாருங்க!



கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் சின்ன யூனிட் நடத்தும் ஒரு கிளையன்ட் கேட்டார்: "சார், 2011 மாடல் பி.எம்.டபிள்யூ 320டி, 6 லட்சத்துக்கு வருது. ஃபர்ம் பேர்ல வாங்கினா டேக்ஸும் மிச்சம்தானே?"

"முதல்ல ஆர்.சி. போட்டோ வாங்குங்க"ன்னு சொன்னேன். பதிவு 2011. ஆனா தயாரிப்பு மாதம் 2010 டிசம்பர்! இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்னு பார்ப்போம்.

பழைய சொகுசு காரின் விலை இறங்கும். ஸ்பேர் பார்ட்ஸ் விலை இறங்காது. அதனால எந்த வருஷ இன்ஜினில் என்ன கோளாறு என்பதுதான் உண்மையான விலை.

பி.எம்.டபிள்யூ 320டி: 2007 முதல் 2011 தொடக்கம் வரை வந்த என்47 டீசல் இன்ஜினில் டைமிங் செயின் பிரச்னை உலகம் முழுக்கத் தெரிந்தது. செயின் இருப்பது பின்னால், கியர்பாக்ஸ் பக்கம். அதை மாத்துவது பெரிய வேலை. ஓடும்போது அறுந்தால் இன்ஜினுக்கே ஆபத்து. முந்தைய நாள் இரவு முதல் ஓடாத வண்டியைக் காலையில ஸ்டார்ட் பண்ணி, பின்பக்கம் உரசுற சத்தம் வருதான்னு கேளுங்க.

ஆடி ஏ4 (2008–2011 டி.எஃப்.எஸ்.ஐ. பெட்ரோல்): பிஸ்டன் ரிங் காரணமா ஆயில் குடிக்கும். 1,000 கிலோமீட்டருக்கு எவ்வளவு ஆயில் ஊத்துறாங்கன்னு கேளுங்க.

மெர்சிடிஸ் சி220 சி.டி.ஐ.: ஓஎம்651 இன்ஜினின் ஆரம்ப வருடங்களில் பீசோ இன்ஜெக்டர் தொல்லை. மாத்தியிருந்தா பில் கேளுங்க.

இப்போ டேக்ஸ் கணக்கு. காருக்கு வருமான வரியில் தேய்மானம் 15%. 6 லட்சத்துக்கு முதல் வருஷம் 90,000. பார்ட்னர்ஷிப் ஃபர்முக்கு 30% வரியும் செஸ்ஸும் சேர்த்தா மிச்சம் சுமார் 28,000 ரூபாய்தான். அந்த நிதியாண்டில் 180 நாளுக்குக் குறைவா ஓட்டினா அதில் பாதி. சொந்த உபயோகப் பங்கைக் கழிக்கவும் வாய்ப்பு உண்டு. ஜி.எஸ்.டி. இன்புட் கிரெடிட்டும் இந்த மாதிரி காருக்குக் கிடையாது.

ஒரே ஒரு பெரிய ரிப்பேர் இந்த மிச்சத்தைப் பல மடங்கா விழுங்கிடும். 2011-ல் பதிவான ஆர்.சி. 2026-ல் முடியும், அப்புறம் வண்டியைக் காட்டிப் புதுப்பிக்கணும், அதுவும் 5 வருஷத்துக்குத்தான். வண்டி வழியில நின்னா ஜி.என்.டி. ரோட்டில் சென்னைக்கு ஏத்திக்கிட்டுப் போற செலவு வேற.

என் விதி எளிமையானது: வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்கை ரிப்பேருக்குன்னு தனி எஃப்.டி.யில் போடுங்க. 6 லட்சம் காருக்கு 2 லட்சம். அதைப் போட முடியலைன்னா அந்தக் கார் இப்போ உங்களுக்கு வேண்டாம்.

கிளையன்ட் கொஞ்ச நேரம் யோசிச்சார். பார்ட்டிகிட்ட இருந்து பேமென்ட் வர 90 நாள் ஆகுது. தொழிலாளிக்குச் சம்பளம் 7-ஆம் தேதி போட்டே ஆகணும். "அந்த 6 லட்சம் ஒர்க்கிங் கேபிட்டல்லயே இருக்கட்டும் சார்"னு அவரே சொன்னார்.

கார் ஆசை தப்பில்லை. சம்பளப் பணத்துல வாங்குற கார்தான் தப்பு.