ஜூர்தேனும் மூலைமட்டமும்



இந்த ஆண்டு கல்லூரி விழாவில் நாங்கள் நடித்த பிரெஞ்சு நாடகத்தைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தீர்கள். அதிலிருந்து நான் கற்ற பாடத்தை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

நாடகத்தின் பெயர் 'லெ பூர்ஜுவா ஜாந்தியோம்'. 'பிரபுவாக ஆசைப்பட்ட பணக்காரர்' எனலாம். எழுதியவர் மோலியேர். 1670 அக்டோபர் 14 அன்று ஷாம்போர் அரண்மனையில், மன்னர் பதினான்காம் லூயி முன்னிலையில் முதலில் நடிக்கப்பட்டது. ஜூர்தேன் வேடத்தில் மோலியேரே நடித்தார். தமிழுக்கு மோலியேர் புதியவர் அல்லர். 1891-இல் சென்னையில் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியார், மோலியேரின் ஸ்காபின் நாடகத்தைத் தழுவி 'காளப்பன் கள்ளத்தனம்' எழுதினார்.

ஜூர்தேனின் அப்பா துணி வியாபாரி. அதை ஒப்புக்கொள்ள ஜூர்தேனுக்கு வெட்கம். பிரபு ஆகவேண்டுமென்று பாட்டு, நடனம், கத்திச்சண்டை, தத்துவம் எல்லாவற்றுக்கும் வாத்தியார் வைக்கிறார். தோராந்த் என்ற பிரபு அவரைப் புகழ்ந்தே கடன் வாங்குகிறான். செய்யுள் அல்லாத பேச்செல்லாம் உரைநடை என்று வாத்தியார் சொன்னதும், நாற்பது வருஷமாகத் தெரியாமலே உரைநடை பேசியிருக்கிறோமே என்று ஜூர்தேன் அதிசயப்படுகிறார். அங்கேதான் அதிகம் சிரித்தீர்கள்.

எனக்கு ஒத்திகையிலேயே சிரிப்பு வரவில்லை. என் அப்பா சமயபுரத்தில் கொத்தனார். அஸ்திவாரத்துக்கு நூல் கட்டும்போது ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி அளப்பார். குறுக்கே 5 அடி வந்தால் "மூலை சரி" என்பார். அதுதான் பிதாகரஸ் தேற்றம் என்று மூன்றாம் வகுப்போடு நின்ற அவருக்குத் தெரியாது. எனக்குப் பெயர் தெரியும், நூல் பிடிக்கத் தெரியாது. ஆனாலும் முதலாண்டில் நண்பர்கள் கேட்டபோது, "எங்கப்பா காண்ட்ராக்டர்" என்று சொன்னவன் நான்.

எனக்குக் கிடைத்த வேடம் கிளெயோந்த். ஜூர்தேனின் மகளைக் காதலிப்பவன். 'நான் பிரபு' என்று ஒரு பொய் சொன்னால் கல்யாணம் நடந்துவிடும். சொல்ல மறுக்கிறான். பிறப்பை மறைப்பது கோழைத்தனம் என்கிறான். அந்த வசனத்தை நான் பேசும்போது அப்பா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது.

நாடகம் முடிந்ததும் நண்பர்களிடம் அழைத்துப் போய், "எங்கப்பா. கொத்தனார். அன்னைக்கு நான் சொன்னது பொய்டா" என்றேன். அப்பா ஒன்றும் பேசவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் சொன்னார்: "மேடையில படுதா கட்டியிருந்த கம்பம் சாஞ்சிருக்கு. தூக்குக்குண்டு விட்டுப் பாக்கலையாடா? நீயெல்லாம் சிவில் படிக்கிற!"

நண்பர்களே! ஜூர்தேன் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டதில் தப்பே இல்லை. அப்பாவின் துணிக்கடையை மறைத்ததுதான் அவரைக் கேலிப்பொருள் ஆக்கியது. நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். 'தந்தையின் தொழில்' என்ற கட்டத்தை இனி உள்ளபடியே நிரப்புவோம். விடுமுறையில் ஒருநாள் நூலும் பிடித்துப் பழகுவோம்.



— சிவில் இரண்டாம் ஆண்டு மாணவன்