நஜீஸ் வேறு, நோய் வேறு

அதிகாலையில் மதரஸாவுக்கு ஓதப் போகும் பிள்ளையைத் தெரு நாயொன்று கணுக்காலில் பிறாண்டி விடுகிறது. இலேசான கீறல்தான். வீடு திரும்பிய பிள்ளை அதைப் பற்றி மூச்சு விடுவதில்லை. "நாய் பட்ட உடம்போடு உள்ளே வராதே" என்று உம்மா ஏசுவார்களே என்ற பயம்! வாரங்கள் கழிகின்றன. கீறல் ஆறிவிடுகிறது. அதன் வழியே வெறிநோய்க் கிருமி புகுந்திருந்தால், அது ஆறாது.

நாய் என்றதும் நம் வீடுகளில் நஜீஸ் என்பது ஒன்றே நினைவுக்கு வருகிறது. அந்தப் பேணுதல் நல்லதே. ஆயினும், நஜீஸ் வேறு, நோய் வேறு. முன்னதற்கு பிக்ஹுச் சட்டம் வழி சொல்கிறது. பின்னதற்கு மருத்துவமும் ஊர்ச் சட்டமும் வழி சொல்கின்றன. ஒன்றைச் செய்வதால் மற்றது நிறைவேறி விடாது.

நாய் வளர்க்கலாமா?

வேட்டைக்கும், கால்நடைக் காவலுக்கும், பயிர்க் காவலுக்கும் அன்றி நாய் வளர்ப்பவரின் நற்கூலி நாள்தோறும் குறையும் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இம்மூன்றையும் ஒப்பிட்டு, வீட்டுக் காவலுக்கும் வளர்க்கலாம் என்பதே சரியான கருத்து என்று இமாம் நவவி (ரஹ்) அவர்கள் கூறுகிறார்கள். ஆகவே தோப்பிலும் பண்ணையிலும் காவலுக்கு நாய் வைத்திருப்போர் நம்மிலும் உண்டு. அவர்கள் மீது குற்றமில்லை.

ஷாபிஈ மத்ஹபில் நாயின் உடல் முழுவதும் நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை, அதில் ஒரு முறை மண் கலந்த நீரால் கழுவ வேண்டும். இரு பக்கமும் உலர்ந்திருந்தால் கழுவ வேண்டியதில்லை. ஹனபி மத்ஹபில் எச்சில்தான் நஜீஸ். நாய் வாய் வைத்த பாத்திரத்தை மூன்று முறை கழுவுவது கடமை, ஏழு முறை கழுவுவது சிறப்பு.

நஜீஸ் என்பதற்காக அதைத் துன்புறுத்த அனுமதியில்லை. தாகத்தால் தவித்த நாய்க்குக் காலுறையில் நீர் மொண்டு கொடுத்தவரின் பாவம் மன்னிக்கப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம்.

வளர்ப்போரின் கடமை

நாய் வளர்க்க மார்க்கம் அனுமதித்ததைப் பேசும் நாம், அதனால் அண்டை வீட்டார்க்குத் தீங்கு வராமல் காப்பதையும் பேச வேண்டும். எவருடைய தீங்கிலிருந்து அண்டை வீட்டார் அச்சமற்று இருக்கவில்லையோ, அவருடைய ஈமானே நிறைவானதல்ல. தடுப்பூசி போடாத நாயை வாசலில் அவிழ்த்து விடுபவர் இதை எண்ணிப் பார்க்கட்டும்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் முதல் ஊசி; மருத்துவர் குறிக்கும் நாளில் அடுத்த ஊசி; அதன்பின் ஆண்டுதோறும் ஊசி. கால்நடை மருத்துவர் தரும் சான்றைப் பத்திரப்படுத்துங்கள். சென்னை மாநகராட்சியில் வளர்ப்பு நாய்க்கு உரிமம் பெற வேண்டும். ஆண்டுதோறும் அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத் தடுப்பூசிச் சான்று தேவை. 2025-ஆம் ஆண்டில் நாயின் தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்துவதும் கட்டாயமாக்கப்பட்டு, உரிமம் பெறாதவர்களுக்கு 5,000 ரூபாய் அபராதம் அறிவிக்கப்பட்டது. மற்ற ஊர்களில் இருப்போர் தத்தம் நகராட்சியில் அல்லது ஊராட்சியில் விசாரித்து நடந்து கொள்ளுங்கள். இதை வெறும் வரி என்று எண்ணாதீர்கள். யாரையேனும் அந்த நாய் கடித்துவிட்டால், அது யாருடையது, ஊசி போட்டதா என்று உடனே அறிய உதவுவது இந்தப் பதிவுதான்.

கடி பட்டால்

வெறிநோயின் அறிகுறி தோன்றிய பின் பிழைப்பது அரிதினும் அரிது. உலகில் ஆண்டுக்குச் சுமார் 59,000 பேர் இதனால் இறப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. மனிதர்க்கு இந்நோய் வருவது 99 விழுக்காடு வரை நாய்களாலேயே. ஆனால் அறிகுறி தோன்றுமுன் முறையாகச் சிகிச்சை பெற்றால் தடுத்துவிடலாம்.

கடி, கீறல், புண்ணில் நாயின் நாக்குப் படுதல் எதுவானாலும், ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். பின்னர் தாமதமின்றி ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, பச்சிலை எதுவும் வேண்டாம். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நல்லதே. அவை ஊசிக்குப் பதிலாகா.

இங்கே ஒரு முக்கியமான விஷயம். புண்ணின் வாயில் மண்ணைப் பூசாதீர்கள். உயிருக்கு ஆபத்துள்ள இடத்தில் மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. முதலில் சிகிச்சை, தொழுகைக்குரிய தூய்மை பற்றிய விளக்கத்தைப் பிறகு உங்கள் ஆலிமிடம் கேட்டுக் கொள்ளலாம்.

தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்று பெரியவர்கள் இன்றும் அஞ்சுகிறார்கள். ஆட்டு மூளையிலிருந்து செய்த அந்தப் பழைய மருந்தின் தயாரிப்பு 2004-ஆம் ஆண்டின் இறுதியோடு இந்தியாவில் நின்றுவிட்டது. இப்போது ஊசி கையில்தான். அரசு ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. முதல் ஊசி போட்ட நாளிலிருந்து 3, 7, 28-ஆம் நாட்களில் அடுத்தடுத்த ஊசிகள் போடுவது அங்கு வழக்கம். காயம் ஆழமானால் காயத்தைச் சுற்றி வேறொரு மருந்தும் செலுத்துவார்கள். புண் ஆறிவிட்டதென்று நடுவில் நிறுத்தாதீர்கள். ரமளானில் ஊசி நாள் வந்தாலும் தள்ளிப் போடாதீர்கள். இத்தகைய ஊசியால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் தீர்ப்பு.

பூனையை மறந்து விடாதீர்கள்

பூனை நஜீஸ் அல்ல. அதனாலேயே நம் வீடுகளில் பிள்ளைகளின் மடியில் அது உறங்குகிறது. ஆனால் பூனைக்கும் வெறிநோய் வரும். அது கடித்தாலும் பிறாண்டினாலும் மேலே கூறியபடியே செய்ய வேண்டும். வளர்க்கும் பூனைக்கும் தடுப்பூசி போட வேண்டும். நஜீஸ் வேறு, நோய் வேறு என்பது இங்கே நன்றாக விளங்கும்.

தாய்மார்களே! இன்றிரவு உங்கள் பிள்ளைகளை அருகில் அழைத்துச் சொல்லுங்கள்: "நாயோ பூனையோ கடித்தால், கீறினால், நக்கினால், உடனே உம்மாவிடம் சொல். நான் ஏச மாட்டேன்." ஏழு முறை கழுவக் கற்றுக் கொடுத்த நாம், இந்த ஒரு சொல்லையும் கற்றுக் கொடுப்போம். அல்லாஹ் நம் மக்களைக் காத்தருள்வானாக! ஆமீன்.